சேவல் இறகுப் பூச்சி

"யப்பா, திரும்பவும் அவுந்துருச்சு."

சிவரஞ்சனி நீட்டிய தூண்டில் முள்ளைத் தவசிமுத்து வாங்கிப் பார்த்தான். சேவல் இறகு ஒரு பக்கம், பச்சை நூல் ஒரு பக்கமாக விரிந்து கிடந்தது. இதைப் பூச்சி என்று சொன்னால் பூச்சிக்கே கோபம் வரும்.

"ஏட்டி, இறகோட அடியில மூணு சுத்து. பொறவுதான் முடிச்சு. எத்தனை தடவ சொல்றது?"

"நீ ஒருக்கா கட்டிக் காட்டுப்பா."

"காலையில இருந்து எட்டு கட்டிட்டேன்."

"எட்டும் இடது கையால கட்டுன. எனக்குப் புரியல. நான் சோத்துக் கையாலதான கட்டணும்? அந்தக் கையால காட்டு."

முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போலவே செய்து, அதைத் தண்ணீர் மேல் வீசி யாரோ ஒரு வெள்ளைக்காரர் மீன் பிடிப்பதைச் செல்போனில் பார்த்ததிலிருந்து இந்தக் கூத்து. பத்து வயதுப் பெண்ணுக்கு வேறு நினைப்பே இல்லை. தானும் கட்டிப் பழக வேண்டும், அப்பாதான் சொல்லித்தர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கோழிக்கடைக்கு அவளே போய் ஒரு பை நிறைய இறகு வாங்கி வந்துவிட்டாள்.

தவசிமுத்துவின் கவலையோ வேறு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவனுக்கு வேலை. ஓடுகிற மெஷினில் அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிடுகிற கை. நாலு மாதத்துக்கு முன் மடவார் வளாகத்து ரோட்டில் பைக் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் மடங்கவில்லை.

"பத்து இழை ஒட்டிக் காட்டு, அன்னைக்கே ஷிப்ட்ல போடுதேன்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தைத் தினமும் இருநூறு தடவை அமுக்க வேண்டும். இரண்டு நாள் அமுக்கினான். வலியில் உயிர் போனது. மூன்றாம் நாள் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு, "இந்தக் கை இனி அம்புட்டுத்தான்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

அவன் மனைவி பாண்டிசெல்வி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஜாக்கெட் தைக்க வச்சிருந்த செவப்பு நூல்கண்டு முழுசையும் மொத நாளே பாழாக்கிட்டா. இப்பப் பச்சையும் தீரப்போவுது. ஏட்டி, அந்தச் செவப்பு நூல என்ன செஞ்ச?"

"சிக்கு விழுந்துருச்சும்மா. குப்பையில போட்டுட்டேன்."

"கோலத்துல ஒரு புள்ளி தப்ப மாட்டா. இதுல மட்டும் எப்படித்தான் இம்புட்டு மந்தமோ."

"அவளத் திட்டாத. நான் காட்டுதேன்" என்று தவசிமுத்து முள்ளை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது. வலது கையின் விறைத்த விரல்களால் இறகைப் பிடித்தான். நழுவியது. மறுபடி பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினான். அவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"புரிஞ்சுதா?"

"கடைசி முடிச்சு மட்டும் புரியலப்பா. இன்னொருக்கா."

இப்படியே ஒரு மாதம் ஓடியது. இதுபோல ஒரு மக்குப் பிள்ளை யாருக்கும் வாய்க்கக்கூடாது என்று அவனுக்கே சில நாள் அலுத்துப்போகும். ஆனாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வன்னியம்பட்டிக் கண்மாய்க்குப் போனார்கள். மூங்கில் கம்பு, பின்னிய நூல், அதன் நுனியில், அவன் கட்டியதில் அவள் எடுத்து வந்திருந்த ஒரே பூச்சி. முதல் வீச்சிலேயே அது கருவேல மரத்தில் போய் மாட்டி அறுந்தது.

"வேற பூச்சி இருக்காட்டி?"

"இல்லப்பா. முள்ளும் இறகும்தான் இருக்கு. வெரசாக் கட்டு, மீனு மேல வந்து வந்து போவுது."

கரையில் குந்தி, காற்றுக்கு முதுகைக் காட்டி, அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்தான். சிவரஞ்சனி வீசினாள். பூச்சி தண்ணீரில் உட்கார்ந்ததுதான் தாமதம், சளக் என்று ஒரு சத்தம். கம்பு வளைந்தது.

"யப்பா, பிடி பிடி."

உள்ளங்கை நீளக் கெண்டை ஒன்று கரையில் துள்ளியது. முள்ளைக் கழற்றியதும் தண்ணீரைப் பார்த்துத் தாவியது. தவசிமுத்து பாய்ந்து பிடித்தான்.

பிடித்த பிறகுதான் பார்த்தான், வலது கை. ஐந்து விரலும் மடங்கி, வழுக்குகிற மீனை இறுக்கிப் பிடித்திருந்தன.

விரித்தான். கெண்டை தண்ணீருக்குள் விழுந்து ஓடியது. மடக்கினான். மறுபடி விரித்தான், மடக்கினான். ஐந்து மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நாளைக்கு மில்லுக்குப் போறேன் தாயி. பத்து என்ன, நூறு இழை ஒட்டுவேன்."

அவள் அவன் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

"சரி தாயி, நூலு சிக்காயிருக்கு. கத்தரிக்கோல் எங்க வச்சிருக்க?"

"ஜாமெட்ரி பாக்ஸ்ல" என்றவள் சட்டென்று எழுந்தாள். "இருப்பா, நானே எடுத்துத் தாரேன்."

அதற்குள் அவன் பெட்டியைத் திறந்துவிட்டான்.

உள்ளே பஞ்சின் மேல் வரிசையாகப் பன்னிரண்டு பூச்சிகள், ஒரு சுற்றுக்கூடப் பிசகாமல் கச்சிதமாகக் கட்டப்பட்டிருந்தன, எல்லாமே அந்தச் சிவப்பு நூலில்.