பந்தும் கிண்ணமும்

"தூங்கிட்டாளா, டாக்டரம்மா?"

"பாதி தூரம் போயிட்டா. காதுல ஏதாவது சொல்லுங்க, மீதியும் போயிடுவா."

தையல்காரர் குனிந்து பஞ்சுவின் காதில் என்னவோ முணுமுணுத்தார். ஊசி மருந்து மெல்ல வேலை செய்தது. அந்தப் பெரிய பழுப்பு நாயின் இமைகள் தாழ்ந்தன. வெளியே எட்டிப் பார்த்த நாக்கு நுனி, உள்ளே போக மறந்து அப்படியே நின்றுவிட்டது. திரைச்சீலை வழியே கசிந்த மத்தியான வெயில் மருத்துவமனை அறை முழுவதையும் தேன் நிறத்தில் நனைத்திருந்தது. சுவர்க் கடிகாரம்கூடக் கொட்டாவி விட்டபடிதான் நகர்வது போலிருந்தது.

"குட்டி எடுக்கிறதுக்கு முன்னாடி இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடணுமாம்" என்று தையல்காரர் போனில் சொன்னபோதே டாக்டரம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இப்படிப் பொறுப்பாக வருகிறவர்கள் குறைவு.

"இவ அம்மா மீட்புப் படையில இருக்கா. இடிஞ்ச கட்டடத்துக்குள்ள புகுந்து ஆளுங்களைக் கண்டுபிடிப்பாளாம்" என்றார் தையல்காரர். "ரொம்ப நல்ல வம்சம்னு சொல்றாங்க."

"அதனாலதான் பார்க்கணும். கல்லு மேல, கம்பி மேல ஏறி இறங்குற வேலை. தாய்க்கு இடுப்புல குறை இருந்தா குட்டிக்கும் இறங்கலாம்."

"அதுக்கு எதுக்கு மருந்து? சொன்னா அசையாம படுத்துப்பாளே."

யாராவது கேள்வி கேட்டுவிட்டால் டாக்டரம்மாவுக்குக் குஷி. இடது உள்ளங்கையைக் குழித்து, வலது கை விரல்களை மடக்கி அதற்குள் உருட்டிக் காட்டினார்.

"இது இடுப்புக் கிண்ணம். இது தொடை எலும்போட பந்து. கிண்ணம் ஆழமா இருந்தா பந்து அது பாட்டுக்குச் சுழலும். ஆழம் பத்தலைன்னா வழுக்கும், உரசும், தேயும். முழிச்சிருக்கிற நாய் தசையை இறுக்கிப் பிடிச்சு அந்தத் தளர்ச்சியை மறைச்சிடும். தூங்குற உடம்புக்கு மறைக்கத் தெரியாது."

"அப்ப உள்ளது உள்ளபடி தெரிஞ்சிடும்" என்றார் தையல்காரர்.

இருவருமாகப் பஞ்சுவை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா பின்னங்கால்களை நேராக நீட்டி, முழங்கால்களைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினார். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் நல்ல கிண்ணமும் ஆழமில்லாததுபோல ஏமாற்றும். அதனால் இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு ஈயம் வைத்த கனத்த அங்கியைத் தையல்காரருக்கு மாட்டிவிட்டார்.

"இதைத் தைச்சவர் யாரு? தோள்பட்டை எங்கியோ போகுது!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். தையல்காரர் சிரிக்கவில்லை.

"குறை இருந்தா என்ன பண்ணணும்?"

"பெருசா இருந்தா வைத்தியம் பார்க்கணும். லேசா இருந்தா அவளுக்கே தெரியாது. குட்டி மட்டும் எடுக்கக் கூடாது. வீட்டுல ராணி மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

"லேசுன்னா வலிக்காதுல்ல?"

"வலிக்காது."

தையல்காரர் நீளமாக மூச்சு விட்டார். பாவம், எதற்கும் தயாராக மனதைத் தேற்றிக்கொள்கிறார் என்று நினைத்தார் டாக்டரம்மா. பேச்சை மாற்றினார்.

"குட்டியில எப்படி வளர்த்தீங்க?"

"எடை ஏற விடலை. உயரத்துலேருந்து குதிக்க விடலை. மாடிப்படியில நான்தான் தூக்கிட்டுப் போவேன். கடைசியில என் இடுப்புதான் போச்சு."

"இந்த விஷயத்துல பாதி வம்சம், பாதி வளர்ப்பு. உங்க பாதியை நல்லாவே செஞ்சிருக்கீங்க. பயப்படாதீங்க."

தையல்காரர் பஞ்சுவின் முன்னங்காலை ஒருமுறை தடவிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார்.

திரையில் படம் பனிமூட்டம் விலகுவதுபோல வந்தது. கருநீல வானத்தில் இரண்டு நிலாக்கள். ஒவ்வொன்றும் தன் வெள்ளைக் கிண்ணத்துக்குள் பொதிந்து, தூக்கம் கலையாத குழந்தைபோல அடங்கிக் கிடந்தது. எத்தனையோ இடுப்புகளைப் பார்த்த டாக்டரம்மாவே திரைக்கு அருகே குனிந்தார்.

"அடேயப்பா! என்ன அழகு!"

"நல்லாப் பாருங்க டாக்டரம்மா. அந்த இடது பக்கம்... கொஞ்சமாவது...?"

"ஒரு நூல் இடைவெளி கிடையாது. உங்க பாஷையில சொன்னா, அளவெடுத்துத் தைச்ச மாதிரி உக்காந்திருக்கு!"

டாக்டரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே வரவே மாட்டேன் என்று வராந்தாவில் உட்கார்ந்திருந்த தையல்காரரின் மனைவியிடம் ஓடினார்.

"அக்கா, உங்க பொண்ணு பாஸ்! வகுப்புலயே முதல்!"

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள். டாக்டரம்மாவின் கண்ணும் கலங்கியது. நல்ல சேதி சொல்வதற்கென்றே இந்தப் படிப்பைப் படித்ததுபோல இருந்தது.

அறைக்குத் திரும்பியபோது, மருந்து தெளியத் தொடங்கிய பஞ்சு, கண்ணைத் திறக்காமலே நான்கு கால்களாலும் காற்றில் ஓடிக்கொண்டிருந்தாள். எந்தப் புல்வெளியோ, யாருக்குத் தெரியும்? தையல்காரர் தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் ஏந்தியிருந்தார்.

"அப்புறம் என்னங்க, வீடு நிறையக் குட்டிதான்!"

"எங்க வீட்டுல ஏது டாக்டரம்மா? படையிலேருந்து எங்களை நம்பி வளர்க்கக் கொடுத்த பொண்ணு இவ" என்றார் தையல்காரர், நிமிராமல். "இடுப்புல குறை இருந்தா மட்டும் எங்ககிட்டயே விட்டுடறதாச் சொன்னாங்க."