கவ்வாத்துக் கத்தி

“இந்தப் பொம்பள கொலை பண்ணியிருக்கவே மாட்டா! எங்க கூப்புட்டாலும் வந்து சாட்சி சொல்றேன்!” ஓய்வுபெற்ற கங்காணி இராமையா மேசையில் ஓங்கித் தட்டினார். பக்கத்திலிருந்த பிளேன்டீ துள்ளி விழுந்தது.

சட்டத்தரணி யேசுரட்ணம் மறுப்புத் தெரிவிக்கவில்லை. இது நீதிமன்றமில்லை, வட்டகொடையில் ஒரு பாடசாலை மண்டபம். அவர் எழுதிய ‘சாட்சிக்கு வராத மலை’ நாவலுக்கு வாசகர் கூட்டம். இங்கே குறுக்கு விசாரணை செய்யும் உரிமை வாசகர்களுக்கு மட்டும்தான்.

“சேர் கோவிச்சுக்கக் கூடாது. கோர்ட்டு சீன் எல்லாம் ரொம்ப நீளம். அந்த நீதிபதியே கொட்டாவி விட்டிருப்பார்” என்றார் தெரேசா டீச்சர்.

ஜூலியன் என்ற இளைஞனுக்கோ அந்தக் காட்சிகள்தான் உயிர். படித்துக்கொண்டே போனதில் பஸ்ஸை விட்டு இறங்க மறந்து, அடுத்த டவுன்வரை போய்விட்டானாம். யேசுரட்ணம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினார். எழுத்தாளரான பிறகு அவர் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது.

முடிவுதான் யாருக்கும் ஒத்துவரவில்லை. கொழுந்து பறிக்கும் ராசாத்தி கொலை வழக்கிலிருந்து விடுதலையாகிறாள். கொன்றது அவளேதான் என்று கடைசி அத்தியாயத்தில் தெரிகிறது. வெட்டிய கத்தியை, தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை, கொத்மலை நீர்த்தேக்கத்தில் வீசிவிட்டு, வீட்டுக்குப் போய் ஆற அமரச் சோறாக்குகிறாள்.

“தேயிலைய கவ்வாத்து வெட்டுறது ஆம்பள வேலைங்க. கொழுந்து பறிக்கிற கைக்கு அந்தக் கத்தி வருமா?” இராமையா விடுவதாக இல்லை. “வந்துச்சின்னே வைங்க. காலையில ஸ்டோர்ல குடுத்த கத்திய பொழுதுசாய எண்ணித்தானே வாங்குவாங்க? ஒண்ணு கொறைஞ்சா வேலைய மேற்பார்க்குற கண்டாக்கையா தோட்டத்தையே பொரட்டிப் போட்டுற மாட்டாரு? தண்ணியில வீசுனாளாம்!”

யேசுரட்ணம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நாவலுக்கு மூலமான அசல் வழக்கில் அவரே வாதாடி வென்ற வாதத்தைத்தான் இராமையா அவரிடமே திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

அசல் வழக்கு ராகலைப் பக்கத்தில் நடந்தது. பெண்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் தரகர் கஜேந்திரன், கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மலையில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். ஆண்களெல்லாம் கத்திகளை மலையிலேயே வைத்துவிட்டுப் பகல் சோற்றுக்கு இறங்கியிருந்த நேரம். கஜேந்திரன் அனுப்பிவைத்த பெண்ணொருத்தி சவப்பெட்டிக்குள் திரும்பி வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை விறகுக்குப் பொறுக்க வந்த அவளுடைய அக்கா நாகலெட்சுமியைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது.

கத்தி பெண்கள் தொடாத கத்தி, அன்று மாலை ஸ்டோரில் ஒன்றுகூடக் குறையவில்லை, ஆகவே வெட்டியவன் வெளியாள் என்று யேசுரட்ணம் அடித்துச் சொன்னார். வழக்கு முடியும்வரை நாகலெட்சுமி ‘நான் பண்ணலைங்க’ என்று ஒரு தடவைகூட அழவில்லை. அதுதான் குற்றமற்றவளின் நிமிர்வு என்று அவர் சொன்னபோது நீதிமன்றமே உருகிவிட்டது. ஒரு நிரபராதியைக் காப்பாற்றினேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அவருக்கிருந்த வழக்கு அது ஒன்றுதான்.

அந்த நிரபராதியைத்தான் புத்தகத்தில் கொலைகாரி ஆக்கியிருந்தார். பெயரை மாற்றினார், ஊரை மாற்றினார். மனசு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

நன்றியுரைக்கு எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கடைசி வரிசை வாங்கில், நனைந்த குடையோடு நாகலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் புத்தகம் இருந்தது. என்ன பேசி முடித்தார் என்று அவருக்கே தெரியாது.

கூட்டம் கலைந்ததும் அவளே எழுந்து வந்தாள்.

“எப்ப வந்தீங்க, நாகலெட்சுமி?”

“அந்தக் கங்காணி ஐயா மேசையில தட்டுறப்பவே வந்துட்டேங்க.”

“புத்தகம்...”

“ரெண்டு தடவ படிச்சேங்கய்யா. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க.”

அந்த ‘நல்லாத்தான்’ அவரைக் கொன்றது. “என்னை மன்னிச்சிருங்கம்மா. கதைக்கு ஒரு திருப்பம் வேணும்னு புத்தி கெட்டுப்போய் எழுதிட்டேன். உங்களுக்குச் செஞ்ச துரோகம் இது. ரெண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகப்போகுது. ஒரு வார்த்தை சொல்லுங்க, கொன்னது வேற ஆளுன்னு முடிவையே மாத்திடறேன்.”

“ஐயய்யோ, வேணாங்க. வேற ஆளு மேல எதுக்குங்க பழி?” நாகலெட்சுமி புத்தகத்தைப் பிரித்தாள். கடைசி அத்தியாயத்தைத் தேடி, ஒரு வரியில் விரலை வைத்தாள். “இந்த ஒரு எடத்த மட்டும் திருத்திருங்க.”

யேசுரட்ணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கொத்மலைத் தண்ணீரில் கத்தி விழுகிற வரி.

“கத்திய நான் தண்ணியில போடலீங்க. தொடச்சு, எடுத்த எடத்துலயே வச்சுட்டேன்.”