நேர்ந்து விட்ட கோழிகள்

"அதைத் தொடாதய்யா! அம்மனுக்கு நேந்து உட்டிருக்கேன்."

மனைவி ஹேமாவதியின் குரல் அடுப்படியிலிருந்தே வந்தது. ஆனந்தன் கையில் பிடித்திருந்த பெட்டைக்கோழியைத் திருப்பிப் பார்த்தான். காலில் மஞ்சள் துணி. இதற்கும் கட்டிவிட்டாளா!

"நேத்துதானே இதைக் கறிக்கடைக்கு அனுப்பணும்னு சொன்னேன்? அதுக்குள்ள நேந்துட்டியா?"

"கோயிலாண்ட போனேன். தோணுச்சு."

ஆனந்தனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முத்தாபுதுப்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொஞ்ச இடத்தில் அவன் கோழி வளர்ப்பது முட்டைக்கும் இல்லை, குழம்புக்கும் இல்லை. நல்ல உயரம், நல்ல கனம், உடம்பு முழுக்க ஒரே செவலை நிறம், இப்படி ஒரு வம்சத்தையே உண்டாக்கிவிட வேண்டும் என்று வெறி. டயர் கடையைச் சாத்திவிட்டு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகக் கோழிக் கூண்டுதான். வாட்டசாட்டமான சேவலையும் பெட்டையையும் மட்டும் சேர்த்துவிட்டு, அந்த முட்டையைத்தான் அடை வைப்பான். குட்டையாகவோ புள்ளி விழுந்தோ வளர்வதையெல்லாம் உடனே கழித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அதுவும் நல்ல கோழிகளோடு கலந்து, பட்ட பாடெல்லாம் பாழ்.

கழிக்க விட்டால்தானே இந்த மகராசி! அவன் எதைக் கழிக்க வேண்டும் என்கிறானோ, மறுநாள் அதன் காலில் மஞ்சள் துணி ஏறிவிடும். அம்மனுக்கு நேர்ந்ததை வேண்டுதல் பலிக்கும்வரை அறுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கூண்டுக்கு வெளியே அதுகள் பாட்டுக்கு ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தன.

"அப்பிடி இன்னாதான்டி வேண்டுதல்?"

"வெளில சொன்னா பலிக்குமா?"

அம்மன் விஷயம். அதற்கு மேல் பேச அவனுக்கும் பயம். கோபத்தைக் கோழிகள் மேல்தான் காட்டினான்.

"இது குட்டை. இதுக்கு நிறம் மட்டு. இதோ பாரு, இதுக்கு ரெண்டுமே மட்டு! எவன் சீண்டுவான் இதையெல்லாம்? கழிச்சுத் தள்ளாம கட்டிகினு அழுவுறா!"

உள்ளே மகள் கலைவாணி தைத்துக்கொண்டிருந்த மிஷின் சத்தம் நின்றது. வேடிக்கை பார்க்க வருகிறாளோ என்று திரும்பினான். வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டிலிருந்து அசோக் வந்தான். கோழி வகை தெரிந்தவன். அவன் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் நாலு பேர் தேடி வருவார்கள். சேவலைத் தூக்கிப் பார்த்து அசந்துதான் போனான். அப்புறம் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். மஞ்சள் துணி கட்டிய புள்ளிக்கோழி ஒன்று, கூண்டுக்குள்ளேயே புகுந்து சேவல் பக்கத்தில் ஒய்யாரமாக நின்றது.

"இன்னாண்ணே இது? இத்தினியும் உள்ள உட்டு வெச்சா வம்சம் எங்க சுத்தமா கீது? மொதல்ல இதுங்கள கழி. அப்பால கூப்பிடு, வரேன்."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டான்.

ஹேமாவதியை ஒரு பிடி பிடிக்கலாம் என்று ஆனந்தன் திரும்பும்போது போன் அடித்தது. கலைவாணியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதிலைச் சொல்லத் தரகர் லோகநாதன் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டான்.

"தப்பா நெனச்சுக்காத ஆனந்தா. பையன் ஊட்ல யோசிக்கிறாங்க. பொண்ணு குட்டையா கீதாம். நிறமும் கொஞ்சம் மட்டுன்றாங்க."

"இன்னாது? என் பொண்ணு இன்னா சந்தைல நிக்கிற உருப்படியா? உயரத்த அளந்து, தோலப் பாத்து கழிக்கிறதுக்கு? மனுசங்களாய்யா அவனுங்க? இனிமே அந்த மாதிரி ஆளுங்கள என் ஊட்டு வாசலுக்கு இட்டுகினு வராதீங்க!"

போனை அணைத்தான். யாரையாவது, எதையாவது ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. கூண்டுக்குள் பாய்ந்து அந்தப் புள்ளிக்கோழியை இறக்கையோடு பிடித்து வெளியே இழுத்தான்.

"எல்லாத்துக்கும் இந்தத் தரித்திரம்தான் காரணம்! வேண்டுதல் இன்னான்னு இப்போ நீ சொல்ற. இல்லாங்காட்டி, அம்மன் கண்ணக் குத்தினாலும் பரவால்ல, இந்தக் குட்டையைக் கறிக்கடைல போட்டுட்டுதான் வருவேன்."

ஹேமாவதி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உள்பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேண்டுதலே கெடையாதுய்யா. பொய்தான் சொன்னேன். அம்மன் மன்னிச்சுப்பா."

"பொய்யா? அத்தினி துணியும் பொய்யா? எதுக்குடி?"

"இப்போ அவரு போன்ல சொன்னது உனக்கு எப்பிடி எரிஞ்சுது?"

"எரியாம?"

"அதே வார்த்தைதான்யா. தெனம் சாயங்காலம் நீ கோழிங்களப் பாத்துச் சொல்ற. குட்டை, நிறம் மட்டு, எவன் சீண்டுவான், கழிச்சுத் தள்ளுன்னு. அப்பல்லாம் உள்ள மிஷின் நின்னு போவுதே, உன் காதுல உழுந்ததே இல்லியா?"

ஆனந்தன் கோழியைக் கீழே விட்டான். மெல்லத் திரும்பி, வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தான்.

மிஷின் ஓடவில்லை.