அப்பாவின் நிறம்

பிறந்த மூன்றாம் நாள் மகள் மஞ்சளாக மின்னியபோது அமலதாஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. கரிக்கட்டை என்று கேலி கேட்டே வளர்ந்தவன் அவன். “கண்ணுகூட மஞ்சளா இருக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்” என்று மனைவி ரெஜினா கெஞ்சினாள். “எங்க வம்சத்துலயே இல்லாத நிறம்டி. நீயே கண்ணு வச்சிராத” என்று சொல்லி, பிள்ளையின் கன்னத்தில் பெரிதாக மைப்பொட்டு வைத்தான். பால் குடிக்கவும் விழிக்காமல் அது துவண்டபிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினான். “மஞ்சள் மூளைக்கு ஏறினா ஆபத்து, இவ்வளவு நாளா விட்டு வச்சீங்க?” என்று கடிந்தபடி நர்ஸ் மையைத் துடைத்து, கண்ணை மூடிக் கட்டி, நீல விளக்குக்கு அடியில் படுக்கவைத்தாள். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது. இன்று விளக்கை அணைத்துக் கண்கட்டை அவிழ்த்தவள், “பாருங்க, அப்பா நிறத்துக்கே வந்துட்டா” என்று சிரித்தாள். அந்த நிறத்தைப் பார்த்து அவனும் முதல்முறையாகச் சிரித்தான். அப்போது நர்ஸின் கை பட்டு எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் விழுந்தது. அறையிலிருந்த மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் தூக்கிவாரிப்போட்டது, வீரிட்டு அழுதன. அவன் மகள் மட்டும் விழித்தபடி சும்மா கிடந்தாள். அமலதாஸ் குனிந்து தட்டை எடுத்தான். நர்ஸ் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. மகளின் தலைமாட்டுக்குப் போய், மறுபடியும் அதைக் கீழே போட்டான்.