போன் யார் கையில்

"கால்வாசிச் சுத்து குறையுது. மறுபடியும்!"

மிசுஸு பனித்தரையிலிருந்து எழுந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள். காலையிலிருந்து ஒன்பது முறை விழுந்தாயிற்று. பனிச்சறுக்கு நடனத்தில், காற்றில் மூன்று சுற்று சுற்றும் தாவலை வைத்தே இரண்டு முறை ஜப்பான் சாம்பியன் ஆனவள். இப்போது நான்கு சுற்று இல்லாமல் தேசிய அணிப் பக்கமே போக முடியாது. அணியில் மிச்சமிருப்பது ஒரே இடம். அதற்கான போட்டி சனிக்கிழமை.

"முடியல, டீச்சர்."

"முடியலன்னா வீட்டுல உக்காந்து மிசோ சூப் குடிக்கலாம்." நனாவோ டீச்சர் போனில் வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினாள். "இடது கை லேட்டா வருது, தெரியுதா?"

பத்தாவது முறை மிசுஸு எழும்பினாள். முழுசாக நான்கு சுற்று. ஒற்றைக் காலில் இறங்கி விழாமல் சறுக்கிக்கொண்டே போனாள். திரும்பி வந்து இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். கண் நிறைந்திருந்தது.

"ரொம்ப நன்றி, டீச்சர்."

நனாவோ போனைப் பைக்குள் போட்டாள். போன் உள்ளே போனால் டீச்சர் வேலை முடிந்தது என்பது அவர்களுடைய ஒப்பந்தம். பள்ளிச் சீருடையைச் சரிசெய்துகொண்டு அவளும் ஆழக் குனிந்தாள்.

"ஸ்கூலுக்கு லேட்டாச்சு, வரேன்க்கா. சனிக்கிழமை போட்டியில பாக்கலாம்."

"அந்த ஒரு இடம் உனக்கும்தானே வேணும்? எதுக்குடி எனக்குச் சொல்லித் தர்ற?"

"ஒரு வருஷமா நான் மட்டும்தான் நாலு சுத்து குதிக்கிறேன். என்னைத் துரத்த ஆள் இல்லன்னா, இருந்த இடத்துலயே நின்னுடுவேன்க்கா."

மிசுஸு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பையைத் தட்டினாள்.

"நாளைக்கு போன் என் கையில. குதிக்கிறதெல்லாம் சரி, ஆடும்போது உன் கை மரக்கட்டை மாதிரி இருக்கு."

"சரிங்க, டீச்சர்!"