நாளைக்கு ஆய்வு

"நாளைக்கு வர்றாங்க ஐயா. பார்த்து நடந்துக்குங்க."

போனில் அவ்வளவுதான். சாயப்பட்டறை முதலாளி அடித்துப்பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்து, கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற மிஷினைப் போடச் சொல்லுவார்.

போன் பண்ணுவது சுற்றுச்சூழல் ஆபீஸ் பியூன். அதிகாரி ஆய்வுக்குக் கிளம்பப்போகிறார் என்றால் முந்தின நாளே இங்கே தகவல் வந்துவிடும். அந்த நன்றிக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை பியூன் வீட்டுக்குத் துணி மூட்டை போகும்.

மிஷின் தொட்டியக்காவின் பொறுப்பு. பொழுதெல்லாம் கழிவுநீர்த் தொட்டிகளோடு மல்லுக்கட்டுவதால் பட்டறையில் வைத்த பெயர் அது. சுண்ணாம்பு கலந்து, காற்றடித்து, கசடை அடியில் தங்கவிட்டு, மேல்தண்ணீரை வடிகட்டினால் நிறமில்லாமல் வாய்க்காலுக்குப் போகும். ஆனால் அதற்குக் கரண்டு ஆகும். அதனால் ஆய்வு நாள் தவிர மற்ற நாளெல்லாம் மிஷின் சும்மா கிடக்கும். ஒருநாள் சிவப்பு, ஒருநாள் நீலம் என்று சாயம் அப்படியே வாய்க்காலில் இறங்கும்.

கீழே இருக்கிறவர்கள் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். உன் வேலையை மட்டும் பார் என்றார் முதலாளி. இதுதான் தன் வேலை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதலாளியையாவது விட்டுத்தள்ளலாம், தொழில் பண்ணுகிறவர். அந்தப் பியூனை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். காவல் காக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு உள்தகவலை விற்கிற மனுஷன்.

நாலு மாதமாக அந்தப் போன் ஓயவில்லை. மாதம் ஒருமுறை வந்தது வாரம் ஒருமுறை ஆயிற்று. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசியில் தினமும். இன்றைக்கு வேறு பக்கம் போய்விட்டார், நாளைக்குக் கட்டாயம் அங்கேதான் என்பார் பியூன். மிஷின் ராப்பகலாக ஓடியது. அதிகாரிதான் வந்தபாடில்லை.

திங்கட்கிழமை காலையில் முதலாளி பொறுமை இழந்தார். தொட்டியக்காவைக் கூப்பிட்டு, ரிப்போர்ட் கொடுக்கிற சாக்கில் ஆபீஸுக்குப் போய், அதிகாரி நிஜமாகவே வருவாரா என்று விசாரித்து வரச் சொன்னார். அந்த வாசற்படியை மிதிக்க அவருக்குப் பயம்.

"வர்ற மாதிரி தெரியலைன்னா சாயங்காலமே மிஷினை நிறுத்திடலாம்மா."

ஆபீஸ் வராந்தாவில் பழைய கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார் பியூன். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிற வயது. எந்தப் பட்டறையிலிருந்து வந்திருக்கிறாள் என்று கேட்டதும் பதறி எழுந்து, உட்கார நாற்காலி போட்டார்.

அவள் உட்காரவில்லை. நாலு துணிக்காக நாலு ஊர்த் தண்ணீரைப் பாழாக்குகிறீர்களே, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டே விட்டாள்.

அவர் கோபப்படவில்லை. கோப்பைக் கீழே வைத்தார்.

"முதல்ல துணிக்காகத்தாம்மா சொன்னேன். இல்லைங்கல. என் மகளை அந்த வாய்க்கால் போய் முடியற இடத்துலதான் கட்டிக்கொடுத்திருக்கேன். பேரப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி. மக கேலண்டர்ல குறிச்சு வச்சிருந்தா. எந்தெந்த நாள் தண்ணி தெளிவா வருதுன்னு. பார்த்தா, எல்லாம் நான் போன் பண்ணினதுக்கு மறுநாள்."

தொட்டியக்கா அந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அதனால அதிகாரி கிளம்பாத நாள்லயும் போன் பண்றீங்களா?"

பியூன் எதிரே இருந்த அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே மேசை மேல் விரலால் பெயர் எழுதலாம் போல் தூசி படிந்திருந்தது.

"அதிகாரி எங்கம்மா இருக்காரு? மாற்றலாகிப் போய் நாலு மாசம் ஆச்சு. புது ஆளை இன்னும் போடல. இது தெரிஞ்சா உங்க முதலாளி மிஷினைத் தொடுவாரா? உங்களுக்கு மட்டுமில்ல, வாய்க்காலோரத்துல இருக்கிற ஆறு பட்டறைக்கும் நான்தான் தினம் போன் பண்றேன்."

ஆறு பட்டறை. ஒரு போன். பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வாய்க்கால் பாலத்தில் பஸ் மெதுவாகப் போக, எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கு அடியில் மணல் தெரிந்தது. யாரோ ஒருத்தி முழங்கால் தண்ணீரில் நின்று பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டறை வாசலிலேயே காத்திருந்தார் முதலாளி. அதிகாரியைப் பார்த்தாயா என்றார்.

பொய் சொல்லத் தேவையே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பார்க்க முடியலைங்க ஐயா. அவரு நாற்காலியில உட்கார்றதே இல்லையாம். எப்ப வருவாரு, யாரு வருவாருன்னு ஆபீஸ்லயே ஒருத்தருக்கும் தெரியலை."

முதலாளிக்குக் குப்பென்று வியர்த்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவு கண்டிப்பான ஆளா?" என்றவர், இன்னொரு வடிகட்டும் தொட்டி கட்ட அன்றைக்கே ஆளுக்குச் சொல்லியனுப்பினார்.