இறப்புச் செய்தி சொல்லும் முறை

“அன்பு, ஒரு நிமிஷம் வெளிய வாப்பா.”

வகுப்புக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மாசிலாமணி அப்படித்தான் தொடங்கினான்.

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அவனுடைய தேர்வு தொடங்கிவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது.

“தனியா கூப்பிடறது நல்ல ஆரம்பம்,” என்றார் பேராசிரியர். “ஆனா தேர்வு இங்கதான். லேட்டா வேற வர்றீங்க. உக்காந்து சொல்லுங்க.”

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய இறையியல் கல்லூரி அது. போதகர் பட்டம் முடித்தவர்கள் மேற்படிப்புக்கு வரும் இடம்.

அன்றைய செய்முறைத் தேர்வு, ஓர் இறப்பைக் குடும்பத்தாரிடம் போய்ச் சொல்வது. ஒருவர் போதகர். எதிரே உட்காரும் சக மாணவர், உறவைப் பறிகொடுத்தவர். அவர் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளலாம். நம்பவைப்பது போதகரின் பாடு.

மாசிலாமணிக்கு எதிரே அன்புச்செல்வன்.

டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு இந்த ஆண்டு கல்லூரி ஒருவரைத்தான் பரிந்துரைக்கும். அது இந்த இருவரில் ஒருவர். மாசிலாமணி இன்று சறுக்கினால் இடம் அன்புவுக்கு.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கும் அன்புவின் அப்பா தேவசகாயம், மகன் டாக்டராகப் போகிறான் என்று இப்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஊசி போடாத டாக்டர் என்பதை அவருக்கு யாரும் இன்னும் விளக்கவில்லை.

அன்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். என்ன சொன்னாலும் நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

மாசிலாமணிக்குச் சட்டை முழுக்க வியர்த்திருந்தது. தேர்வுக்காக எல்லோருடைய செல்போன்களையும் வாங்கிப் போட்டிருந்த பிளாஸ்டிக் கூடையை ஒரு தடவை பார்த்தான்.

“அன்பு, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்காம்...”

பேராசிரியர் பேனாவால் மேசையைத் தட்டினார்.

“இதைத்தான் செய்யாதீங்கன்னு இத்தனை நாளா சொல்லிக் கொடுத்தேன். செத்தவரைச் சீரியஸ்னு சொல்லி, மகனை பஸ் ஏத்தி விடறது நம்ம ஊர் வழக்கம். போதகர் அந்தப் பொய்யைச் சொல்லக் கூடாது. கண்ணைப் பார்த்து, நேரா. மறுபடி.”

மாசிலாமணி கண்ணைப் பார்த்தான்.

“அப்பா இறந்துட்டாரு, அன்பு.”

“எங்கப்பனா? எமனே வந்தாலும் அவன் தலையில ரெண்டு மூட்டையை ஏத்தி அனுப்புவாருய்யா அவரு.”

வகுப்பு சிரித்தது.

“சத்தியமாத்தான்பா சொல்றேன்...”

“போதகர் சத்தியம் பண்ணலாமா?” என்றார் பேராசிரியர்.

சிரிப்பு இன்னும் கூடியது.

மாசிலாமணி முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்க்க அன்புவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

“விவரம் சொல்லுங்க,” என்றார் பேராசிரியர். “விவரம் இருந்தாத்தான் கேக்கறவருக்கு நம்பிக்கை வரும். கடைசித் தடவை.”

“காலையில மண்டியில லோடு ஏத்திக்கினு இருந்தாரு. மாரு வலிக்குதுன்னு மூட்டை மேலயே சாஞ்சிட்டாரு. தண்ணி கேட்டாராம். வாங்கியாறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.”

“மாட்டிக்கினியா!” அன்பு தொடையில் தட்டினான். “எங்கப்பன் என்னிக்குய்யா தண்ணி கேட்டாரு? எது வந்தாலும் டீதான் கேப்பாரு. அதுவும் சக்கரை தூக்கலா.”



“டீதான் கேட்டாராம்,” என்றான் மாசிலாமணி. “கேக்க நல்லா இருக்காதேன்னு நான்தான் தண்ணின்னு சொன்னேன்.”

வகுப்பு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

அன்புவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கண்ணீரையும் வீணாக்காமல் எழுந்து நின்று மாரில் அடித்துக்கொண்டான்.

“ஐயோ எப்பா, டீ குடிக்காமப் பூட்டியே!”

பேராசிரியருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மதிப்பெண்ணை எழுதினார்.

“கேக்கறவர் நம்பலேன்னா நீங்க சொன்னதா கணக்கே இல்ல, மாசிலாமணி. அன்பு, நீங்க மத்தியானம் என் ரூமுக்கு வாங்க. ஆராய்ச்சி விஷயமா பேசணும்.”

அவ்வளவுதான். இடம் கிடைத்தாயிற்று.

அன்பு கூடையை நோக்கி நடந்தான். முதல் போன் அப்பாவுக்குத்தான். மண்டி இரைச்சலில் எடுக்க மாட்டார். எடுக்கும்வரை அடிக்க வேண்டும்.

வாசலில் வாட்ச்மேன் சுப்பராயலு வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“அன்பு சாரு, ஊர்லேர்ந்து வண்டி வந்து நிக்குது. அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸாம். ஜல்தியா கெளம்புங்க.”

அன்பு சிரிப்பு மாறாமல் திரும்பினான்.

“சீரியஸ்னு சொல்லக் கூடாதுண்ணே. ஐயா மார்க்கைக் கொறச்சிடுவாரு.”

இந்த முறை அவன் மட்டும்தான் சிரித்தான்.

சுப்பராயலு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு இன்னும் எழுந்திருக்காத மாசிலாமணியைப் பார்த்தார்.

“போன் வந்ததுமே மெயின் கேட்டாண்ட உங்ககிட்ட சொல்லி அனுப்பினேனே சாரு. இன்னுமா சொல்லல?”

“மூணு தடவ சொன்னேன்,” என்றான் மாசிலாமணி.